நீல மூடிக் கேவியர்

கொட்டாஞ்சேனையில் ஞாயிறு காலைப் பூசை முடிந்த கையோடு பஸ் ஏறி, ஒஸ்வால்ட் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார். காலி வீதியில் பாத்திரக் கடைக்கு மேல்மாடியில்தான் தில்லைநாதன் குடியிருந்தார். படியேறி வந்தவர் உட்காரவில்லை. ஒரு சிறிய துணிப்பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு எனக்கு இன்டர்வியூ. காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில திறக்கப்போற புது ஹோட்டல்ல தலைமைச் சமையல்காரர் வேலை. பன்னிரண்டு வருஷம் கப்பல்ல சமைச்சனான். இப்ப எட்டு வருஷமா ஆக்களின்ட வீட்டு விருந்துக்குச் சமைக்கிறன். இந்த வயசில இன்னொரு சந்தர்ப்பம் வராது. ஆனா நாளைக்கு அதே நேரம் என்னைப் பொலிசில பிடிச்சுக் குடுக்கப்போறாராம் உலகப்பன் முதலாளி."

"என்னத்துக்கு?" என்று கேட்டார் தில்லைநாதன்.

"கேவியர் களவெடுத்ததுக்கு."

மூலையில் சாய்ந்திருந்த பாயிஸ் நிமிர்ந்தார். பாயிஸிடம் ஒரு மொரிஸ் மைனர் டாக்சியும் மூன்று பிள்ளைகளும் துப்புத் துலக்கும் ஆசையும் இருந்தன. மூன்றாவதற்காக முதலாவதை நடுவீதியில் நிறுத்திவிட்டு ஓடக்கூடியவர். தில்லைநாதன் வேறு மாதிரி. துறைமுகச் சுங்கத்தில் முப்பத்திரண்டு வருடம் பெட்டி திறந்து பார்த்த மனிதர். அவர் குரல் உயர்ந்ததை எவரும் கேட்டதில்லை.

"இருந்து, ஆறுதலாச் சொல்லுங்கோ. வியாழக்கிழமையில இருந்து தொடங்குங்கோ" என்றார்.

"வியாழக்கிழமைதான் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் சேர்?"

"தெரியாது. விருந்து எண்டா சனிக்கிழமையா இருக்கும், அதுக்கு ரெண்டு நாள் முன்னம் சாமான் வந்திருக்கும் எண்டு நினைச்சன்."

பாயிஸுக்கு அதுவே பெரிய சாதனையாகப் பட்டது. ஒஸ்வால்ட் ஒருவழியாக உட்கார்ந்தார்.

அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. இறக்குமதிக்குப் போட்டிருந்த பூட்டு கழன்று, கொழும்பில் மூலைக்கொரு ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்த காலம். புறக்கோட்டையில் தேயிலை ஏற்றுமதி செய்யும் உலகப்பன் செட்டியாருக்கு, மொஸ்கோவிலிருந்து தேயிலை வாங்க வந்த ஒருவர் வியாழக்கிழமை கேவியர் என்னும் விலையுயர்ந்த மீன்முட்டை அடைத்த கால் கிலோ டின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். முதலாளி பெருமை தாங்காமல் அவரையே சனிக்கிழமை விருந்துக்கு அழைத்துவிட்டார். கேவியரைக் கையாளத் தெரிந்த ஆள் என்று ஒஸ்வால்ட்டை ஒழுங்கு செய்தார். ஹோட்டல் வேலைக்கு நற்சான்றுக் கடிதம் தருவதாகவும் சொன்னார்.

"வியாழன் பின்னேரம் நானே டின்னை அவங்கட பிரிட்ஜ்ல நடுத்தட்டில வெச்சன். ஐஸ் தட்டு ரெண்டுக்கு நடுவில. முதலாளிக்கு இங்கிலீசில தெளிவாச் சொன்னன், கேவியர் ஐஸ் மேல இருக்க வேணும், ஐஸா மாறக்கூடாது எண்டு. தலையாட்டினார். வெள்ளிக்கிழமை நான் போகேல்ல. வீட்டில மனுசி மீன் வாங்கச் சொன்னா, ஜெம்பட்டா வீதிச் சந்தைக்குப் போயிட்டன். சனி மூண்டு மணிக்குப் போய்ப் பார்த்தா டின் வெச்ச இடத்திலயே இருக்கு. மூடியைச் சுத்தி ரப்பர் பட்டி அப்பிடியே இருக்கு."

"திறந்து பார்க்கேல்லையா?"

"அது முறையில்ல சேர். விருந்தாளிக்கு முன்னாலதான் திறக்க வேணும். கண்ணாடிக் கிண்ணத்தில ஐஸ் உடைச்சுப் போட்டு, அதுக்குள்ள டின்னை இறக்கி, மேசைக்குக் கொண்டுபோய்த் திறந்தன்." ஒஸ்வால்ட் பொட்டலத்தை மடியில் வைத்தார். "உள்ள கேவியர் இல்ல. கறுப்புக் கூழ். மேல தண்ணி மிதக்குது. மணி மணியா இருக்க வேண்டியது களி மாதிரிக் கிடக்கு. நான் பார்த்துக்கொண்டிருக்கேக்க, சுத்தியிருந்த ஐஸ் ரோசா நிறமா மாறுது! 'சாயம், சாயம்' எண்டு முதலாளி கத்தினார். அந்த ரஷ்யர் ஒரு வாய் எடுத்துப் பார்த்து, 'நான் தந்தது இப்படி இருக்கவில்லை' எண்டு மட்டும் சொன்னார். பிறகு பேசாமல் கட்லட் சாப்பிட்டார். இண்டைக்கு விடியப் பிளேனில போயிட்டார். அந்த டின்னின்ட பெறுமதி தெரிஞ்ச ஒரே ஆள் நான்தானாம். நல்லதை எடுத்து வித்துப்போட்டு, சாயம் பூசின மலிவு மீன்முட்டையை நிரப்பினனாம்."

துணிப்பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே வெள்ளையும் நீலமுமாக மின்னும் ஒரு சிறிய கரண்டி இருந்தது.

"முத்துச்சிப்பி. கப்பல்ல இருக்கேக்க நானே அரத்தால ராவிச் செய்தது. கேவியருக்கு வெள்ளிக் கரண்டி போட்டா உலோக வாசம் ஏறிடும். இருபது வருஷமா வெச்சிருக்கிறன் சேர். களவெடுக்கிறவன் கரண்டியையும் கொண்டா போவான்?"

தில்லைநாதன் கரண்டியைத் திருப்பிப் பார்த்தார். கையால் ராவிய தடம் பின்புறத்தில் இருந்தது. அவருக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதைக் காட்டிக்கொள்ளாமல், "பாயிஸ், காரை எடும்" என்றார்.

காருக்குள் பாயிஸ் ஒஸ்வால்ட்டைக் கேள்வியால் துளைத்தெடுத்தார். இது எந்தக் கடலில் கிடைக்கும்? என்ன மீன்? அவிக்க வேண்டுமா, பொரிக்க வேண்டுமா?

"கஸ்பியன் கடல்ல ஸ்டர்ஜன் எண்டு ஒரு கிழட்டு மீன். பெட்டை மீன் முட்டை வைக்கவே பத்து இருபது வருஷம் எடுக்கும், அதுதான் அந்த விலை. நீல மூடி பெலூகா, ஆகப் பெரிய மணி. மஞ்சள் மூடி ஓசெட்ரா. சிவப்பு மூடி செவ்ரூகா, பொடி மணி. அவிக்கிறதும் இல்ல, பொரிக்கிறதும் இல்ல. கொஞ்சம் உப்புப் போட்டு அப்பிடியே தின்னுறது."

"பச்சையாவா! எங்கட மருமகன் கேட்டா ஓடிருவான்" என்றார் பாயிஸ். "நம்ம கருவாட்டுச் சினைக்கு என்ன குறை?"

உலகப்பன் வீடு கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ரயில் பாதைக்குச் சற்று முன்னால் இருந்தது. பக்கத்து வீட்டுப் படலையில் 'ஐஸ் பக்கெட் விற்கப்படும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயில் உச்சியில் ஏறியிருந்தது. பாயிஸ் காரை நிறுத்தியதும் முதல் காரியமாக ரோசா நிற இனிப்பு நீர் உறைந்த பக்கெட் ஒன்று வாங்கி, பொலித்தீன் முனையைக் கடித்து உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"என்ன காணும், துப்புத் துலக்க வந்தீரோ, சொண்டுக்கு நிறம் பூச வந்தீரோ?" என்றார் தில்லைநாதன். பாயிஸ் வெட்கப்பட்டு வாயைத் துடைத்தார். ரோசாப்பூ நிறம் கைலேஞ்சியில் ஒட்டியது.

உலகப்பன் கூடத்தில் காத்திருந்தார். நல்ல உயரம், நெற்றி நிறையத் திருநீறு, எவரையும் முடிக்கவிடாமல் பேசும் பழக்கம்.

"வாங்க, உக்காருங்க. நீங்க சுங்கத்துல இருந்தவுகளாம்ல. நீங்களே பாத்துச் சொல்லுங்க, இந்த ஆளு பண்ணுனது அநியாயமா இல்லையா? ஒரு வெளிநாட்டுக்காரர் முன்னால என் மானமே போச்சு. நாளைக்குக் காலையில போலீசு, அப்புறம் ஹோட்டலுக்கு ஒரு போன். அவ்வளவுதான்."

கதவோரம் அவர் மனைவி நாச்சம்மை நின்றாள். காப்பி கொண்டுவந்து வைத்தவள் போகவில்லை. ஒஸ்வால்ட்டின் முகத்தைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தாள்.

"டின்னைப் பார்க்கலாமா?" என்றார் தில்லைநாதன்.

நாச்சம்மையே சமையலறைக்கு அழைத்துப் போனாள். பளபளவென்று துடைத்த பிரிட்ஜ். கதவில் சந்தனம் தீற்றி, அதன்மேல் குங்குமப் பொட்டு வைத்திருந்தது. பொட்டு இன்னும் உதிரவில்லை. கீழ்த்தட்டில் மீன் ஒரு பெட்டியில் இருந்தது. நடுத்தட்டில் நீல மூடி போட்ட டின். தில்லைநாதன் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிறகு ஒரு வெள்ளைத் தட்டும், பாதி எலுமிச்சம்பழமும், கொஞ்சம் தண்ணீரும் கேட்டார்.

சிப்பிக் கரண்டியால் கொஞ்சம் கேவியரை எடுத்துத் தட்டில் பரப்பினார். தன் வெள்ளைக் கைலேஞ்சியை நனைத்து, அதன்மேல் சிறிது வைத்து, எலுமிச்சஞ்சாறு பிழிந்து அழுத்தினார். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். கைலேஞ்சியில் எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் பரவியது. நிறம் எதுவும் இறங்கவில்லை.

பாயிஸ் அவசரமாக ஒரு கரண்டியை வாயில் போட்டுவிட்டார். "உப்பு... வெண்ணெய்... கடல் தண்ணி..." என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ஐயா, இது சரியில்லையெண்டா சரியானது எப்பிடி இருக்கும்?"

தில்லைநாதன் தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். கறுஞ்சாம்பல் நிறக் கூழுக்குள் மெல்லிய தோல்கள் கிடந்தன. பிழிந்து போட்ட திராட்சைத் தோல் மாதிரி, ஆனால் மிகச் சிறியவை. ஒவ்வொன்றும் வெடித்திருந்தது.

"முதலாளி, ஒஸ்வால்ட் வியாழக்கிழமை உங்களுக்குச் சொன்னதை நீங்க வீட்டில ஆருக்குச் சொன்னீங்க?"

"யாருக்குச் சொல்லணும்? பிரிட்ஜுல இருக்கற பொருளு. அது பாட்டுக்கு இருக்கும்" என்றார் உலகப்பன்.

அப்போதுதான் பாயிஸ் மேசையைக் காட்டினார். சுவரிலிருந்து ஒரு எறும்பு வரிசை இறங்கி மேசைக்கு ஏறியிருந்தது. திறந்து கிடந்த டின்னின் வாய்ப்பக்கம் ஒரு எறும்பும் போகவில்லை. எல்லாம் டின்னின் அடி விளிம்பைச் சுற்றி மொய்த்தன. தில்லைநாதன் டின்னைத் தூக்கினார். அடிப்பக்கத்து மடிப்பில் வெளிறிய ரோசா நிறத்தில் ஏதோ பிசுபிசுத்தது.

"பாத்தீகளா, சாயம்!" என்றார் உலகப்பன்.

"ஓம், சாயம்தான்" என்றார் தில்லைநாதன் அமைதியாக. "பாயிஸ், பக்கத்து வீட்டு அம்மாவை மரியாதையாக் கூட்டிக்கொண்டு வாரும்."

நாச்சம்மையின் கை வாயிற்கதவைப் பிடித்தது. "எதுக்கு ஸமீமாவக் கூப்பிடணும்? அவளுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல" என்றாள். வீட்டுக்காரர் முன்னால் அவள் இவ்வளவு உரத்துப் பேசியதை உலகப்பனே கேட்டதில்லை போலும், திரும்பிப் பார்த்தார்.

ஸமீமா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்தாள். நாற்பது வயதுப் பெண். ஈரக் கையைத் துடைக்கக்கூட நேரம் இல்லாமல் வந்திருந்தாள். தில்லைநாதன் அவளுக்கு நாற்காலி காட்டினார், நாச்சம்மைக்கும் ஒன்று காட்டினார். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் தொடங்கினார்.

"முதல் விசயம். ஒருத்தரும் எதையும் களவெடுக்கேல்ல. இதை முதலிலேயே சொல்லுறன், ஏனெண்டா அது தெரியாமல் இங்க ஒராள் வாய் திறக்கமாட்டா. இந்த டின்னுக்குள்ள இருக்கிறது ரஷ்யர் தந்த அதே பெலூகா. மலிவு மீன்முட்டைக்குப் பூசுற சாயம் எலுமிச்சஞ்சாறு பட்டால் துணியில ஓடும். இது ஓடேல்ல. ருசி சரி. மணியின்ட தோலும் பெரிசு. தோல் வெடிச்சிருக்கு, அவ்வளவுதான் பிழை."

"அப்ப ஐஸ் ரோசா நிறமானது?" என்றார் உலகப்பன்.

"அது டின்னுக்கு வெளியில இருந்து வந்தது முதலாளி. மூடி திறந்த உடனே சுத்தியிருந்த ஐஸ் நிறம் மாறினது எண்டு ஒஸ்வால்ட் சொன்னார். உள்ள இருக்கிற சாயம் தகரத்துக்குள்ளால எப்பிடி வெளிய வரும்? எறும்பும் மீன்பக்கம் போகேல்ல, அடிப்பக்கம் போச்சுது. எறும்புக்கு இனிப்புத்தான் தேவை. ரோசா நிறத்தில, இனிப்பா, குளிரோட சேர்ந்து இருக்கிற சாமான் என்ன? பாயிஸின்ட சொண்டைப் பாருங்கோ."

எல்லோரும் பாயிஸைப் பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். மூடியும் பயனில்லை, மூக்கு நுனியிலும் கொஞ்சம் இருந்தது.

"ஐஸ் பக்கெட்!" என்றார் ஒஸ்வால்ட். எழுந்தே விட்டார். "டீப் ஃப்ரீசர்! உறைஞ்சு போச்சு! மணிக்குள்ள இருக்கிற நீர் உறைஞ்சு பருத்து, தோல் வெடிச்சு, பிறகு இளகினதும் கூழாப்போச்சு. கூடாது கூடாது எண்டு இருபது வருஷமா எல்லாருக்கும் சொன்னனான். உறைஞ்சதை என்ட கண்ணால ஒரு நாளும் காணேல்ல, அதுதான் எனக்கு விளங்கேல்ல."

"ஆனா டின்னு நம்ம பிரிட்ஜுலல்ல இருந்துச்சு?" என்றார் உலகப்பன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வியாழன் பின்னேரம் இருந்தது. சனிக்கிழமை இருந்தது. நடுவில ஒரு வெள்ளிக்கிழமை இருக்கு." தில்லைநாதன் ஒஸ்வால்ட்டைப் பார்த்தார். "உங்கட வீட்டில வெள்ளிக்கிழமை எண்டா இறைச்சி இல்லை, மீன். அதனால அந்த நாளை நீங்க யோசிக்கவே இல்லை. இந்த வீட்டில வெள்ளிக்கிழமை எண்டா மீன் வாசமே ஆகாது. பிரிட்ஜ் கதவில பொட்டு வைக்கிற வீடு, உள்ளுக்க மீன்முட்டையை வைச்சுக்கொண்டு பொட்டு வைக்குமா?"

பிறகு நாச்சம்மையின் பக்கம் திரும்பினார். "அம்மா, இனி நீங்க சொல்லலாம். ஒருத்தருக்கும் ஒண்டும் வராது."

நாச்சம்மை சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்தாள்.

"வியாழக்கிழமை ராப்பொழுதுக்குள்ள கவிச்சி எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு, பிரிட்ஜக் கழுவுறது எங்க வழக்கம். கல்யாணமாகி வந்த நாளா அப்படித்தான். அந்த டின்னப் பாத்தேன். என்னதுன்னு கேட்டதுக்கு, மீன் முட்டைன்னாக. அவ்வளவுதான் சொன்னாக. வீட்டுல வைக்க மனசு வரல. கொண்டுபோயி ஸமீமாகிட்டக் குடுத்தேன். சனிக்கிழமை விடிஞ்சதும் வாங்கி, இருந்த இடத்துலயே வச்சேன்."

"மீன் முட்டை எண்டு நாச்சம்மாக்கா சொன்னாங்க" என்றாள் ஸமீமா. அவள் கண் கலங்கியிருந்தது. "மீன் பழுதாகிப்போகக்கூடாது எண்டு, பக்கெட்டெல்லாம் ஒதுக்கி ஆக அடியில வெச்சேன். ஒரு பக்கெட் அதுல உடைஞ்சு ஊத்திச்சு. துடைச்சுத்தான் குடுத்தேன். அடியில இருந்தது எனக்குத் தெரியல்ல."

உலகப்பன் மனைவியைப் பார்த்தார். "நேத்து ராத்திரி இவ்வளவு கூத்து நடந்துச்சு. ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா இவரை விட்டுட்டு ஸமீமா வீட்டுக் கதவத் தட்டியிருப்பீக. திருடன் வேணும்னு நின்னீக. யாரைக் குடுக்கிறது?" என்றாள் நாச்சம்மை. "ராத்திரி பூரா தூங்கல. இவரு முகத்தையும் பாக்க முடியல, அவ முகத்தையும் பாக்க முடியல. ரஷ்யாக்காரரப் பாத்து, 'யாரும் தொடல'ன்னு நீங்கதான் சொன்னீக. என்னை யாரும் கேக்கல."

கடற்கரை ரயில் ஒன்று மருதானைப் பக்கம் போய் முடியும் வரைக்கும் உலகப்பன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பணக்கார மனிதர்கள் மன்னிப்புக் கேட்கப் பழகியவர்கள் அல்லர். பழக்கமில்லாத வேலையை எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கடைசியில் எழுந்து ஸமீமாவைக் கும்பிட்டார். பிறகு ஒஸ்வால்ட்டின் முன் வந்து நின்றார்.

"தப்பு எம்பேர்ல. நீங்க சொன்னத நான் உள்ள சொல்லல. மனசுல வச்சுக்காதீங்க."

ஒஸ்வால்ட் தலையை அசைத்தார். டின்னைச் சுட்டிக்காட்டினார். "முதலாளி, அதை எனக்குத் தாறீங்களா? கொட்டிப்போடாதீங்க."

"வெடிச்சுப்போனத வச்சு என்ன பண்ணுவீங்க?"

"மணியாப் பரிமாற ஏலாது. ருசி எங்கயும் போகேல்ல. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே? அடுப்புப் பக்கம் விடுவீங்களா?"

நாச்சம்மை சிரித்தே விட்டாள். அரை மணி நேரத்தில் ஒஸ்வால்ட் வெண்ணெயோடு கேவியரைக் குழைத்து, சின்ன வெங்காயமும் எலுமிச்சஞ்சாறும் சேர்த்து, நாச்சம்மை ஊற்றிக் கொடுத்த சின்னச் சின்ன ஆப்பங்களில் தடவிக் கொண்டுவந்தார். ஸமீமா முதலில் தயங்கினாள், பிறகு இரண்டாவதையும் எடுத்தாள். நாச்சம்மை மெதுவாக மென்றுவிட்டு, "கருவாட்டுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள். பாயிஸ் எத்தனை சாப்பிட்டார் என்பதை இங்கே எழுதாமல் விடுவதே நல்லது.

"ஐயா, அந்த ரஷ்யருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?" என்று அவர் வாய் நிறையக் கேட்டார்.

"தெரிஞ்சிருக்கும். வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தக்கூடாது எண்டு பேசாமல் கட்லட் சாப்பிட்டிருப்பார்" என்றார் தில்லைநாதன். "நல்ல மனுசன். பேசியிருந்தால் இன்னும் நல்ல மனுசன்."

அதற்குள் உலகப்பன் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். முடித்ததும் உரக்க வாசித்தார். ஒஸ்வால்ட்டின் கைத்திறன், நேர்மை எல்லாம் முறைப்படி இருந்தன. கடைசியில் ஒரு பந்தி: 'எங்கள் வீட்டில் நடந்த தவறுக்காக இவரைத் திருடன் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமைக்காக டின்னை இடம் மாற்றியது நாங்கள். இவர் சொன்னபடி நாங்கள் நடந்திருந்தால் இந்தத் தவறு நடந்திராது.'

"அது வேண்டாம் முதலாளி. அதைப் படிச்சா உங்களுக்குத்தான் வெட்கம்" என்றார் ஒஸ்வால்ட்.

"இருக்கட்டும்" என்றார் உலகப்பன். நாச்சம்மை பேனாவை வாங்கி, அவர் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரையும் தமிழில் எழுதினாள்.

மறுநாள் காலை எட்டே முக்காலுக்குப் பாயிஸின் மொரிஸ் மைனர் புது ஹோட்டல் வாசலில் நின்றது. கூலி வேண்டாம் என்று பாயிஸ் அடம்பிடித்திருந்தார். தில்லைநாதன் பின் இருக்கையில் பத்திரிகை வாசித்தார், ஆனால் ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் வைத்திருந்தார். ஒஸ்வால்ட் வெளியே வந்தபோது கையில் வெள்ளைத் தொப்பி ஒன்று இருந்தது. அளவு பார்க்கக் கொடுத்தார்களாம்.

"கடிதத்தை மனேஜர் ரெண்டு தரம் வாசிச்சார் சேர்" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "சமையலைப் பற்றி ஒண்டும் கேக்கேல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'நாளைக்கு இங்க ஒரு டின் கேவியர் வந்தால், முதலில என்ன செய்வீர்?' எண்டு."

"ஐஸ்ல வைப்பன் எண்டு சொன்னீங்களா?" என்று அவசரப்பட்டார் பாயிஸ்.

"இல்ல. பிரிட்ஜ் கழுவுற ஆள் ஆரெண்டு கேட்டு, அவவுக்கு முதல்ல சொல்லுவன் எண்டு சொன்னன்."